விரலும் காதும்: பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசிப்புக் கேள்வி

ஆவடி என்றதும் டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும், அம்பத்தூர் என்றதும் தொழிற்பேட்டை. பூந்தமல்லியைப் பெரும்பாலோர் பேருந்து மாறும் ஊராகவே அறிவார்கள். தமிழ்நாட்டின் பார்வையற்றோருக்கோ அந்த ஊர்ப் பெயரின் பொருள் வேறு. அரசுப் பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளி இங்கே இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் அதிகாரமளிப்பு நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கே டிரங்க் சாலையில் இருக்கிறது. சிறப்பாசிரியர் பயிற்சி நடப்பதும் பிரெயில் நூல்கள் அச்சாவதும் இந்த ஊரில்தான்.

கல்வியில் தொழில்நுட்பம் என்ற பேச்சு ஸ்மார்ட் வகுப்பறை, கைக்கணினி, காணொளிப் பாடம் என்று போய்க்கொண்டிருக்கிறது. பார்க்கும் கண் இருக்கிறது என்பதை இவை எல்லாமே முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. கண்ணில்லாத மாணவருக்குத் தொழில்நுட்பம் கூடுதல் வசதியாக வருவதில்லை. புத்தகம் அவருக்குக் கிடைக்கும் வழியே அதுதான். அதனால் வகுப்பறைத் தொழில்நுட்பம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஆராய இதைவிடத் தெளிவான இடம் குறைவு.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்று. கைபேசியே எந்த எழுத்தையும் படித்துக் காட்டும் காலத்தில், தமிழ்வழிப் பயிலும் பார்வையற்ற குழந்தை பிரெயில் கற்க வேண்டுமா? ‘வேண்டாம், ஒலி போதும்’ என்ற எண்ணம் உலகெங்கும் வலுத்து வருகிறது. தமிழின் எழுத்தமைப்பை வைத்து அந்த எண்ணத்தைச் சோதிப்பதே இங்கு நோக்கம்.

1. ஆறு புள்ளிகளில் தமிழ்

இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளியை 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கினார். மூன்றாண்டுகள் கழித்து, 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியில் தமிழுக்குப் பிரெயில் வந்தது. அப்போது ஒவ்வொரு மொழிக்கும், சில இடங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும், தனித்தனிப் புள்ளி முறை வழங்கியது. ஒரு முறையில் படித்தவர் இன்னொரு முறையில் அச்சான நூலைத் தொட்டால் பயனில்லை. யுனெஸ்கோ முன்னின்று நடத்திய கலந்தாய்வுகளுக்குப் பிறகு, 1951இல் ‘பாரதி பிரெயில்’ ஏற்கப்பட்டதும் இந்தக் குழப்பம் தீர்ந்தது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே புள்ளிக்கோலம் என்பது அதன் அடிப்படை. முடிந்த இடங்களில் ஆங்கில எழுத்துடனும் அது ஒத்துப்போகிறது. ‘ம’கரத்துக்குரிய புள்ளிகளே ஆங்கில ‘எம்’முக்கும், ‘ல’கரத்துக்குரியவையே ‘எல்’லுக்கும்.

அச்சுத் தமிழில் ‘கை’, ‘கொ’, ‘கூ’ ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உண்டு. கொம்பும் காலும் சுழியும் எழுத்தின் முன்னும் பின்னும் வரும். பிரெயிலில் இந்த வடிவச் சிக்கல் கிடையாது. ஆறு புள்ளிகளுக்கான கட்டங்களின் வரிசையில் மெய்க்குரிய கட்டம் முதலில், உயிருக்குரிய கட்டம் அடுத்து. ‘கை’ என்பது ககரமும் ஐகாரமும். புள்ளி வைத்த மெய்யாக இருந்தால், புள்ளியின் அடையாளம் எழுத்துக்கு முன்னால் வரும். ஆக, அச்சில் மூன்றெழுத்தான ‘அம்மா’ பிரெயிலில் ஐந்து கட்டமாகிறது: அகரம், புள்ளிக் குறி, மகரம், மீண்டும் மகரம், ஆகாரம்.

உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்ற இலக்கணப் பாடத்தைப் பார்வையுள்ள குழந்தை விதியாக மனப்பாடம் செய்கிறது. பிரெயில் படிக்கும் குழந்தைக்கோ அது விரல் நுனியில் தினமும் நடக்கும் நிகழ்ச்சி. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் இதே தருக்கத்தில்தான் இயங்குகிறது: ககர விசை, பிறகு ஐகார விசை, திரையில் ‘கை’. பிரெயில் அறிந்த மாணவர் கணினிக்கு வரும்போது, தமிழைத் தட்டச்சு செய்வதற்கான பகுப்பு அவருக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும்.

பிரெயிலின் சுமையையும் மறைக்கக் கூடாது. வழக்கமான பிரெயில் தாளில் வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி. அச்சில் ஒரு கையில் அடங்கும் பாடநூல் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பெருகும். தாள் தடிமனானது, புள்ளிகள் அழுந்திவிடாமல் அடுக்க இடமும் வேண்டும். சிலேட்டில் எழுத்தாணியால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஆண்டுதோறும் பாடம் மாறினால் ஆண்டுதோறும் அச்சு. ஒலி வந்தபோது பலருக்கு அது விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

2. காதுக்கு வந்த தமிழ்

திரையில் உள்ளதைப் பேச்சாக மாற்றும் திரை வாசிப்பான்கள் விண்டோஸ் கணினிகளுக்கு 1990களில் வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஜாஸ் பல்லாயிரம் ரூபாய் விலையுள்ளது. அரசுப் பள்ளி மாணவருக்கு எட்டாதது. 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற கட்டற்ற திரை வாசிப்பானைத் தொடங்கினார்; ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞர் பின்னர் அவருடன் சேர்ந்தார். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மூலநிரலைத் திருத்தலாம். தமிழுக்கான குரல் ஈஸ்பீக் என்ற கட்டற்ற பேச்சுப்பொறி வழியாக முதலில் வந்தது. அது உலோகத் தகட்டில் தட்டியதுபோல் ஒலித்தாலும் பழகிய காதுக்குப் போதுமானதாக இருந்தது. பின்னர் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி தலைமையில், பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கான பேச்சுப்பொறிகளை உருவாக்கின. இயல்பான தமிழ்க் குரல் திரை வாசிப்பானுக்குள் வந்தது.

சட்டமும் வழிவிட்டது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்றுவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதாமல் விலக்கியது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அது நடந்தது 2014 ஜூனில். 2016 ஆகஸ்டில் பார்வையற்றோருக்கான ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டது. தமிழக அரசு பார்வையற்றோருக்குத் தக்க செயலியுடன் கைபேசி வழங்குகிறது.

பலனும் கண்கூடு. முழுப் பார்வையின்மையோடு இந்திய வெளியுறவுப் பணிக்கு முதன்முதலில் தேர்வான சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன், தேர்வுக்குப் படிப்பதில் திரை வாசிப்பானின் துணையைப் பெற்றவர். ஒரு நாளிதழைக் காலையிலேயே யாருடைய துணையுமின்றிப் படித்து முடிப்பது முந்தைய தலைமுறைப் பார்வையற்றவருக்குக் கனவு. இன்று அது அன்றாடம்.

இத்தனைக்கும் பிறகு பிரெயில் எதற்கு?

3. வாலை, வாளை, வாழை

தமிழில் ஒலி ஓரிடத்தில் சறுக்குகிறது. அரை–அறை, கரை–கறை, மனம்–மணம், கலை–களை–கழை, வாலை–வாளை–வாழை போன்ற சொற்களை எழுத்துதான் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. இன்றைய பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. சென்னைப் பேச்சில் ழகரம் பல வாய்களில் ளகரமாகிறது, சிலவற்றில் யகரமாகவும். காதால் மட்டுமே மொழியைப் பெறும் குழந்தைக்கு இந்தச் சொற்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் வந்து நிற்கும். இயந்திரக் குரல் எவ்வளவு செம்மையானாலும், பேச்சில் இல்லாத வேறுபாட்டை அது காதுக்குக் கொண்டுவர முடியாது.

விரலுக்கு இதில் ஐயமே இல்லை. பிரெயில் கட்டத்தில் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என ஆறு புள்ளிகள். லகரம் இடப்பக்கத்து மூன்று புள்ளிகள். ளகரம் வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். ழகரம் ஐந்து புள்ளிகள் கொண்ட நெருக்கமான கோலம். பேச்சில் கலந்துபோன மூன்றும் தொடுகையில் தொலைவில் நிற்கின்றன.

இதற்கு மறுப்பு உண்டு. திரை வாசிப்பானில் அம்புக்குறி விசையை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். ஐயம் வந்தால் அப்படிச் சோதித்துக்கொள்ள முடியும் என்பது உண்மைதான். ஐயம் வருவதற்கு முதலில் சொல்லின் எழுத்து வடிவம் ஏதோ ஓரளவு மனத்தில் இருக்க வேண்டும். ‘அறை’யை எப்போதும் ‘அரை’யாகவே கருதி வரும் பிள்ளைக்கு விசையை அழுத்தத் தோன்றாது. எழுத்தெழுத்தாகக் கேட்பது தேர்ந்த வாசகரின் சரிபார்ப்புக் கருவி. எழுத்தறிவின் முதல் படியாக அது அமையாது.

தேர்வு முறை இந்தக் குறையை மூடிவைக்கிறது. பாடத்தைக் காதால் கேட்டுப் படித்த மாணவர், தேர்வில் விடையை வாயால் சொல்கிறார். ‘சொல்வதை எழுதுபவர்’ தாளில் எழுதுகிறார். விடைத்தாளில் இருக்கும் எழுத்துப்பிழையும் பிழையின்மையும் எழுதியவருக்கு உரியவை. ஒரு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்வரை அவருடைய சொந்த எழுத்து ஒருமுறைகூடச் சோதிக்கப்படாமல் போகலாம். பிரெயிலிலோ கணினியிலோ தானே எழுதும் வாய்ப்பை ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் திறந்துவைத்தது. அதற்கான பழக்கம் தேர்வறையில் தொடங்க முடியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே வர வேண்டும்.

4. சான்றுகளின் எடை

பிரெயிலுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவில் ரூபி ரைல்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு. சிறுவயதிலேயே பிரெயிலில் படிக்கக் கற்றவர்களிடம் வேலையின்மை, அச்செழுத்தில் படிக்கக் கற்ற குறைபார்வையினரிடம் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைவு என்று அது கண்டது. இதைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆய்வுக்குட்பட்டோர் சிலரே. பிரெயிலில் அக்கறை காட்டிய குடும்பமும் பள்ளியும் வேறு வகைகளிலும் உதவியிருக்கலாம். அதிலும் முக்கியம், அங்கே பிரெயிலோடு ஒப்பிடப்பட்டது அச்செழுத்து, ஒலியன்று. ‘ஒலியைவிடப் பிரெயில் மேல்’ என்று மெய்ப்பிக்க இந்த ஆய்வு போதாது.

அதே 1996இல் சடாட்டோவும் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மூளைப்படப் பதிவுகள் வேறொன்றைக் காட்டின. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது, பார்வைக்குரிய மூளைப் புறணிப் பகுதி இயங்குகிறது. விரலால் படிப்பதை வெறும் தொடு உணர்ச்சி என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. எந்த வகுப்பில் எதைக் கற்பிக்கலாம் என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை.

பார்வையுள்ள குழந்தைகளிடம் நடந்த இந்திய ஆய்வுகள் சுற்றுவழியில் உதவுகின்றன. குஜராத்தில் கியான் சாலா பள்ளிகளில் லீ லிண்டன் நடத்திய, 2008இல் வெளியான ஆய்வில் ஒரே கணினிப் பாடம் இரண்டு விதமாகக் கொடுக்கப்பட்டது. வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியருக்குப் பதிலாகக் கணினி வந்த இடத்தில் கற்றல் சரிந்தது. வகுப்புக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்த இடத்தில் கற்றல் உயர்ந்தது. மென்பொருள் ஒன்றுதான், விளைவு நேரெதிர். டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், கானிமியன் ஆகியோர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் உண்மையில் எந்த மட்டத்தில் இருக்கிறார் என்று கண்டறிந்து அங்கிருந்து பாடம் தொடங்கும் மென்பொருள் நாலரை மாதத்தில் கணக்கில் தெளிவான முன்னேற்றம் தந்தது. அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்த மையத்தில். இதற்கு மாறாகப் பெருவில் 319 பள்ளிகளில் நடந்த ஆய்வில், குழந்தைக்கொரு மடிக்கணினி கொடுத்தும் மொழியிலும் கணக்கிலும் மாற்றமே தெரியவில்லை.

இந்த ஆய்வுகளில் பார்வையற்ற குழந்தைகளுக்கென்று தனிக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பொருந்தக்கூடிய தெளிவு ஒன்று உண்டு: கருவி எதை அகற்றிவிட்டு வருகிறது, எதன்மேல் சேர்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஒலி பிரெயிலை அகற்றிவிட்டு வந்தால் இழப்பு எழுத்தறிவில் விழும். பிரெயிலின்மேல் சேர்ந்து வந்தால் வேகமும் பரப்பும் கூடும்.

5. கணக்கு என்னும் எதிர்வாதம்

ஒலிக்கு ஆதரவான வலுவான சான்று கணிதத்திலிருந்து வருகிறது. பார்வையற்ற கணினி அறிவியலாளர் டி. வி. ராமன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முடித்த முனைவர் ஆய்வில் ஆஸ்டர் என்ற முறையை உருவாக்கினார். தன் வழிகாட்டி நாயின் பெயரையே அதற்கு வைத்தார். சமன்பாட்டை ஒரே தொனியில் ஒப்பிக்காமல், அடுக்கு வரும்போது குரலை உயர்த்தி, கீழெழுத்து வரும்போது தாழ்த்தி, சமன்பாட்டின் அமைப்பையே காதுக்குக் கொண்டுசேர்த்தது அது. ஒலியால் கணிதம் முடியாது என்ற முடிவை ராமனின் பணி மறுக்கிறது.

ஆயினும் ஆஸ்டர் அப்படிப் பேச முடிந்ததற்குக் காரணம் மூலக்கோப்பு. சமன்பாட்டின் அமைப்பு முழுதும் எழுதிவைக்கப்பட்ட லேடெக் வடிவில் அது இருந்தது. பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்பில் சமன்பாடு வெறும் படமாக இருந்தால் எந்தக் குரலும் மௌனம்தான். ‘எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு’ என்று மட்டும் கேட்கும் மாணவருக்கு, வகுக்கப்படுவது ஒன்று மட்டுமா, முழுக் கூட்டுத்தொகையுமா என்று தெரியாது. டெய்லர் பலகையில் எண்களை அடுக்கி விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கும் மாணவருக்கு இடம் நிலையாக இருக்கிறது. ஒலியோ வந்த கணமே கரைகிறது. பார்வையற்ற மாணவர்கள் பெரும்பாலும் கலைப் பாடங்களுக்கே ஒதுங்குவதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம். 2011இல் டெல்லியின் கார்த்திக் சாவ்னி, பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் படிக்க அனுமதி பெறுவதற்கே மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு போராட வேண்டியிருந்தது. பிறகு அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார்.

6. சங்கிலி அறும் இடம்

இதுவரை சொன்னவற்றில் விரலும் காதும் போட்டியாளர்கள்போல் தோன்றலாம். நடைமுறையில் இரண்டையும் முடக்கும் தடை ஒன்றே. அது அச்சுக்கோப்பு அறையில் தொடங்குகிறது.

பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பவை. திரையில் ‘அம்மா’ தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் கோவை. கண்ணால் படிப்பவருக்கு வித்தியாசமில்லை. திரை வாசிப்பானோ அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிக்கும். பிரெயிலாக மாற்றும் மென்பொருளும் அதையே புள்ளியாக்கும். ‘கொ’ போன்ற எழுத்துகளில், கொம்பு முதலில், ககரம் பிறகு, கால் கடைசியில் என்று பார்வை வரிசையில் சேமித்திருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. பதிப்புத் துறையில் பழைய எழுத்துருக்களின் பழக்கம் அதன் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது.

அச்சில் மட்டுமே கிடைக்கும் நூல்களுக்கு எழுத்துணரி மென்பொருள் வழி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழு உருவாக்கிய தமிழ் எழுத்துணரி, அச்சு நூல்களைப் பிரெயிலாக்குவதற்குச் சென்னை வொர்த் டிரஸ்டில் பயன்பட்டது. பொறியியல் நோக்கில் அது பெரும் சாதனை. ஆனால் கணினியில்தான் பிறந்த பாடநூலை அச்சடித்து, மறுபடி படமெடுத்து, எழுத்துணர்ந்து, பிழை திருத்திக் கணினிக்குள் கொண்டுவருவது, கையிலிருந்த நெல்லை வயலில் கொட்டிப் பொறுக்குவது போன்ற வேலை. மூலக்கோப்பே யூனிகோடில் இருந்தால் அந்த உழைப்பு முழுதும் மிச்சம்.

பெரிய திட்டங்களையும் இந்தக் கோணத்தில் மதிப்பிடலாம். 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது பூந்தமல்லி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் தகவல் குறியீடுகள் (கியூஆர் சதுரங்கள்) அச்சாயின. கைபேசியைக் காட்டினால் காணொளி விரியும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அதுவே பல வீடுகளின் பள்ளிக்கூடம். மூன்றும் பெரும் பரப்பை எட்டிய முயற்சிகள். ஆனால் பக்கத்தில் எங்கே சதுரம் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. காணொளியில் ஆசிரியர் ‘இந்தப் படத்தைப் பாருங்கள்’ என்று சொன்னால், கேட்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில் பாடம் அறுந்துவிடும். ‘இந்தப் படத்தில் இலையின் மேல்புறம் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன’ என்று சொல்வதற்குப் பத்து விநாடி கூடுதலாகும். பார்வையுள்ள பிள்ளைக்கும் அது நல்ல பாடம்தான்.

7. ஆசிரியரும் சட்டமும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிரெயில் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்துவதையும், 18 வயது வரை நூல்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தருவதையும் அரசின் கடமையாக்குகிறது. ஒலியும் பிரெயிலும் இரண்டில் ஒன்று என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

இன்று பார்வையற்ற குழந்தைகள் எல்லோரும் சிறப்புப் பள்ளிக்கு வருவதில்லை. பலர் வீட்டுக்கு அருகிலுள்ள சாதாரணப் பள்ளிகளில் சேர்கிறார்கள். பெற்றோருடனும் தெருப் பிள்ளைகளுடனும் வளர்வது அவர்களின் உரிமை. அங்கே பல பள்ளிகளுக்குப் பொதுவான ஒரு சிறப்பாசிரியர் சுற்றி வருவார். பிரெயிலோ தினசரிப் பயிற்சி கேட்பது. வாரத்துக்கு ஒருமுறை வருகையில் விரல் பழகாது. ஒலிக்கருவி ஆசிரியர் இல்லாமலும் ஓடும். ஆக, ‘கைபேசி போதும்’ என்ற முடிவு பல இடங்களில் கல்வி ஆய்விலிருந்து வரவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையிலிருந்து வருகிறது. அந்தப் பற்றாக்குறையைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்வது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

8. ஆய்வின் முடிவு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவது, தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி காரணமாக, தொடக்க வகுப்புகளில் பிரெயிலுக்கு ஒலி மாற்றாகாது. இரண்டாவது, எழுத்து கைவந்த பிறகு, நடுநிலை வகுப்புகளிலிருந்து வாசிப்பின் பரப்பைப் பெருக்குவதில் ஒலிக்கு இணையில்லை. அதைத் தள்ளிப்போடவும் கூடாது. வளர்ந்த பிறகு பார்வை இழந்தவர்களுக்கு முதல்நாளிலிருந்தே ஒலி கைகொடுக்கும், ஏனெனில் எழுத்து வடிவங்கள் அவர்கள் நினைவில் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவது, இரண்டுக்கும் உணவாவது ஒரே யூனிகோடு மூலக்கோப்பு. படங்களுக்கு விளக்கமும் சமன்பாடுகளுக்கு அமைப்புக் குறியீடும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதுதான் செலவு குறைந்தது, விரைவில் முடிவதும்கூட. புதிய பாடநூல் அச்சகத்துக்குப் போகும் அதே நாளில் அந்தக் கோப்பு பூந்தமல்லிக்கும் வந்து சேர்ந்தால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மேசையில் பிரெயில் தொகுதி இருக்கும். ஆவடியில் சாதாரணப் பள்ளியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கைபேசியிலும் அதே பாடம் அன்றே ஒலிக்கும். வகுப்பில் பக்கத்து இருக்கைப் பிள்ளை புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கும்போது, இவர்களும் முதல் பக்கத்திலேயே இருப்பார்கள்.